ஒரு படி தவிடு

போன வாரம் கையில் போனோடு அடுப்படியில் நின்ற அஸ்வினியை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள் என்று நினைத்தால், அவளை நமக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த வாரம் முழுக்க அவள் ஓரிடத்தில் உட்காரவே இல்லை.

தங்கை கலைப்பிரியா விழுப்புரத்திலிருந்து பேசியது கொஞ்சம்தான்.

"அக்கா, எனக்கு மறுபடியும் தள்ளிப்போச்சு. டெஸ்ட் பண்ணிட்டேன். இது எனக்கு வேணாம். டாக்டரம்மா திங்கக்கிழமை வரச் சொல்லிக்கிறாங்க. நீ கூட வர்றியா?"

"வர்றேன்" என்றாள் அஸ்வினி. சொன்ன கையோடு கண்டமங்கலத்தில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

ஏன் சொன்னாய் என்று யாராவது கேட்டால், 'பெத்தவளுக்குத் தெரிய வேணாமா' என்று ஒரு பதில் தயாராக இருந்தது. அது பாதி நிஜம். மீதிப் பாதியை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா வீரம்மாளிடம் இந்தச் செய்தி போனால் அடுத்து அவள் என்ன பேசுவாள் என்பது அஸ்வினிக்கு நன்றாகவே தெரியும். தனக்குக் கேட்க வாய் வராததை அம்மா கேட்பாள்.

கலைக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவன் இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறான். அவன் பிறந்தபோது கலை பிழைத்து வந்ததே பெரிது. வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதிலிருந்து எழுந்து, மறுபடியும் ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலைக்குப் போக ஆரம்பித்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

அஸ்வினிக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல். இரண்டு முறை தங்கியது. இரண்டு முறையும் நிலைக்கவில்லை. புதுச்சேரியிலும் சென்னையிலும் பார்க்காத டாக்டர் இல்லை.

திண்டிவனத்தில் அவர்கள் வீடு கட்டியபோது கணவன் பூவரசன் பின்பக்கத்துச் சின்ன அறைக்கு ஜன்னலைத் தாழ்வாக வைக்கச் சொன்னான். "எதுக்குங்க இவ்ளோ கீழ?" என்று கொத்தனார் கேட்டதற்கு, "எட்டிப் பாக்கத்தான்" என்றான். யார் எட்டிப் பார்க்க என்று கொத்தனாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வருஷங்கள் போகப் போக அவனுடைய விதைக்கடையின் மல்லாட்டைக் கடலை மூட்டைகள் ஒவ்வொன்றாக அந்த அறைக்குள் வந்து ஜன்னலை மூடிவிட்டன.

இந்த வாரம்தான் அஸ்வினி அவனிடம் அந்த மூட்டைகளை முன்பக்கம் போடச் சொன்னாள். புத்தகம் அடுக்கப் போகிறேன் என்றாள். பூவரசன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கி வைத்தான். அவள் அறையைக் கழுவி, ஜன்னல் கம்பியில் இருந்த ஒட்டடையைத் துடைத்தாள். ஆனால் ஒரு புத்தகத்தைக்கூட அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில் வீரம்மாள் வந்து இறங்கினாள். வருகிற வழியில் விழுப்புரத்தில் கலையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கலை வெளுத்துப்போயிருந்தாள். பஸ்ஸிலேயே இரண்டு முறை வாந்தியாம்.

"பசங்க?" என்று கேட்டாள் அஸ்வினி.

"அவரு பாத்துக்கிறாரு. இன்னைக்கு கம்பெனி லீவு." கலை அக்காவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "அம்மாக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல. காலையில வந்து கதவத் தட்டுது."

அஸ்வினி தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது வீரம்மாள் ஒரு துணிப்பையை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். பை வாயைப் பிரித்ததும் வாசனையே சொல்லிவிட்டது.

"இன்னாம்மா இது, தவுடா?"

"தவுடுதான். ஒரு படி. உன் வூட்ல மாடா கீது, தவுடு இருக்கறதுக்கு? அதான் மில்லுல சொல்லி வாங்கியாந்தேன்."

சகோதரிகள் இருவருக்கும் புரிந்துவிட்டது. சொந்தத்துக்குள் ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கிறவர்கள் அதைச் சும்மா வாங்கக் கூடாது, ஒரு படி தவிடாவது கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். தவிடு கைமாறிவிட்டால் பெற்றவள் அப்புறம் உரிமை கேட்டு வரக் கூடாது. சின்ன வயசில் கலை அடம்பிடித்தால் அஸ்வினி சொல்லி அழவைக்கும் வார்த்தையும் அதுதான். 'உன்னைத் தவுட்டுக்குத்தான் வாங்குனோம், மறுபடியும் மில்லுலயே வுட்டுருவோம்.'

"அம்மா" என்றாள் கலை. "நான் நாளைக்கு ஆஸ்பத்திரி போறேன். அக்கா கூட வருது. எல்லாம் பேசியாச்சு."

"பேசுனா பேசுனதுதானா? ஏண்டி, வேணாம்னு நீ சொல்ற. வேணும் வேணும்னு அவ உருகறா. நடுவுல பெத்தவ நான் வாயை மூடிக்கினு இருக்கணுமா? பத்து மாசம் சுமந்து உன் அக்கா கையில குடுத்துட்டு நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. திருவாமாத்தூர் அம்மனுக்கு வேண்டிக்கினு வந்துக்கிறேன்."

கலை அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அஸ்வினி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'இது இன்னாம்மா பேச்சு' என்று ஒரு அதட்டல் போதும். அவளோ குனிந்து தவிட்டுப் பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தல சுத்துதுக்கா. கொஞ்சம் படுக்கறேன்" என்று கலை எழுந்து பின்பக்கம் போனாள்.

அந்த அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டபோதுதான் அஸ்வினிக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். கழுவித் துடைத்துக் காலியாகக் கிடந்த அறையின் வாசலில் கலை நின்றுகொண்டிருந்தாள். தாழ்வான ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் விழுந்திருந்தது.

"மூட்டையெல்லாம் எங்கக்கா?"

"முன்னாடி போட்டாச்சு. இங்க புக்கு வெக்கலாம்னு."

"ஓ" என்றாள் கலை. உள்ளே போகவில்லை. திரும்பி வந்து முன்னறைப் பாயில் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாசிப்பு வட்டம். மூன்று வருஷம் முன்னால் அஸ்வினி ஆரம்பித்தது. மாசத்தில் ஒரு ஞாயிறு, மார்க்கெட் தெருவில் ஜெசிந்தாவின் தையல் கடை மாடியில் நாலைந்து பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு பேச்சு. அங்கே ஒரே ஒரு விதிதான். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு எல்லாருக்கும் டீ அவர் செலவு. விதியைப் போட்டது அஸ்வினி. இதுவரைக்கும் அதிகம் டீ வாங்கிக் கொடுத்திருப்பவளும் அவள்தான்.

"நீ படுத்துக்கினு இருடி, நான் போய்ட்டு வந்துர்றேன்" என்று கலையிடம் சொன்னாள்.

"இல்லக்கா, நானும் வர்றேன்."

"அப்ப நானும் வர்றேன். அப்படி இன்னாதான் படிக்கிறீங்கன்னு பாக்கறேன்" என்று வீரம்மாளும் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அந்த மாசத்துப் புத்தகம் பெண் உடம்பைப் பற்றி ஒரு பெண் மருத்துவர் எழுதிய கட்டுரைகள். அன்றைக்குப் படிக்க வேண்டிய கட்டுரை கருக்கலைப்பைப் பற்றியது. முறைப்படி படிக்க வேண்டியவள் அஸ்வினி. முன்பே ஒதுக்கிய முறை. இன்றைக்கு வேறு யாராவது படியுங்களேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் படிக்க ஆரம்பிப்பதற்குள் அமலா புலம்பினாள். அவள் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள். "சட்டமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. கல்யாணம் ஆனவ, ஆகாதவ யாராருந்தாலும் பதினெட்டு தாண்டுனவளாருந்தா அவ கையெழுத்து மட்டும் போதும்னு போன மாசம் படிச்சோம். என் நாத்தனார் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போனா, மொத கேள்வியே 'வூட்டுக்காரர் எங்கம்மா'ங்கறாங்க. அவன் துபாய்ல கீறான். பேஜாராப் போச்சு."

ஜெசிந்தா கையில் இருந்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே பேசினாள். "எங்க கோயில்ல இது பாவம்னு சொல்றாங்க. எனக்கும் மனசு ஒத்துக்கலதான். ஆனா ஒருத்திக்கு பதிலா நான் மாசமாயிருக்க முடியுமா? முடியாது. அப்புறம் நான் எப்படி அவளுக்கு உத்தரவு போடறது?"

கலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது.

தெரியவைக்க வீரம்மாள் இருந்தாள்.

"வேணாம்னா பெத்து இல்லாதவளுக்குக் குடுக்கறது" என்றாள் சத்தமாக. "அதுல இன்னா கஷ்டம்? அதுவும் கூடப்பொறந்தவளுக்கு?"

"டீ!" என்று அமலா கைதட்டிச் சிரித்தாள். "அம்மா, புத்தி சொல்லிட்டீங்க. எல்லாருக்கும் டீ உங்க செலவு."

"டீ இன்னாடி டீ, பிரியாணியே வாங்கித் தர்றேன். நான் சொல்றத கேப்பீங்களா?" வீரம்மாளுக்குக் குரல் உடைந்தது. "போன மாசம் சொந்தத்துல ஒரு வளைகாப்பு. வளையல் தட்டு வரிசையா வருது. இவகிட்ட வரும்போது அந்தப் பொம்பள தட்டைத் தூக்கி இவளைத் தாண்டி அடுத்தவகிட்ட நீட்டறா. என் பொண்ணு ஒண்ணுமே நடக்காத மாதிரி பந்திக்கு எலை போடப் போய்ட்டா. அத பக்கத்துல உக்காந்து பாத்துக்கினு இருந்தவ நானு. எந்தப் புக்குல அதுக்கு மருந்து எழுதிக்கீது, சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அஸ்வினிக்கு முகம் எரிந்தது. அம்மாமேல் வந்த கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அந்தத் தட்டு தன்னைத் தாண்டிப் போனதை அம்மா பார்த்திருக்கிறாள் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"நீ படிக்கா" என்றாள் கலை.

அஸ்வினி படித்தாள். இரண்டு பக்கம் தடங்கலில்லாமல் போனது. மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி வந்தது. போன வாரத் தொலைபேசி வருவதற்கு முன்னால், எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று அவளே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த வரி.

'மறுக்க முடியாத இடத்தில் இருப்பவளிடம் கேட்கப்படுவது கேள்வி அல்ல. அவளுக்காக முன்பே எடுக்கப்பட்ட முடிவு அது. அதை அன்பின் பெயரால் கேட்கும்போது மறுப்பது இன்னும் கடினம்.'

படித்து முடித்ததும் அவள் நிமிரவில்லை. கலை தன்னைப் பார்க்கிறாள் என்று பார்க்காமலே தெரிந்தது. அடுத்த வரிக்குக் கண் போனது. வாய் போகவில்லை.

"தொண்ட கட்டிக்கிச்சு. மீதிய நீ படி ஜெசிந்தா" என்று புத்தகத்தை நீட்டினாள்.

வீரம்மாள் எழுந்துவிட்டாள். "நல்லா படிங்க. நான் கெளம்பறேன். கலை, நீ வர்றியா?"

"நான் அப்புறம் வர்றேம்மா. அக்காகூட கொஞ்சம் பேசணும்."

வீரம்மாள் பெரிய மகளின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு இறங்கிப் போனாள். அவளிடம் கோபத்தைவிட அவசரம்தான் அதிகம் தெரிந்தது. அதை அஸ்வினி அப்போது கவனிக்கவில்லை.

வட்டம் முடிந்து சகோதரிகள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். டீக்கடையில் நின்று ஆளுக்கொரு டீ வாங்கினார்கள். கலைக்கு வாசனை பிடிக்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டாள்.

"அம்மாகிட்ட நீதான சொன்ன?"

"ஆமா."

"உனக்காக அது பேசட்டும்னா?"

அஸ்வினிக்குப் பொய் சொல்ல நிறைய நேரம் இருந்தது. "ஆமாண்டி" என்றாள்.

கலை கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஆறிய டீயைக் கீழே வைத்தாள்.

"அந்த ரூமப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சுக்கா. மாமா அந்த ஜன்னல் எதுக்கு வெச்சாருன்னு எனக்குத் தெரியாதா?" அவள் கண் கலங்கிவிட்டது. "நான் உன்னைக் கூப்ட்டது ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு மட்டும் இல்ல. நீ கேட்டுருவியோன்னு பயம். கூட வர்றேன்னுட்டா அப்புறம் கேக்க மாட்டேன்னு நெனச்சேன். வேற யார் கேட்டாலும் போய்யான்னுருவேன். என் பீஸக் கட்ட நீ கம்மலக் கழட்டிக் குடுத்தவ. சின்னவன் பொறந்து நான் பைத்தியம் மாதிரி கெடந்தப்ப வந்து எனக்குத் தல வாரி வுட்டவ. நீ கேட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. சரின்னுருவேன். ஆனா அந்த எடத்துக்கு மறுபடியும் போனா நான் திரும்பி வர மாட்டேன்க்கா. எனக்கே தெரியுது."

பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அஸ்வினிக்கு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விட வேண்டும் போல இருந்தது.

"எனக்கு வேணும்டி" என்றாள் கடைசியில். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவள் கவலைப்படவில்லை. "நீ போன் பண்ணதுலேர்ந்து அது என் கையில இருக்கற மாதிரியே இருக்குது. நைட்டெல்லாம் அதுக்குப் பேரு வெச்சுக்கினு கெடக்கறேன். வேற யாருகிட்டயும் சொல்ல முடியாது, அதான் உங்கிட்ட சொல்றேன். ஆனா கேக்க மாட்டேன். எனக்கு வேணுங்கறது என் கஷ்டம். அத நீ சுமக்க வேணாம்."

கலை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விழுப்புரம் பஸ் வந்து நின்று கண்டக்டர் விசிலடிக்கிறவரை விடவில்லை.

"நாளைக்கு வருவியா?" படியில் ஏறிவிட்டுத் திரும்பிக் கேட்டாள்.

"மொத பஸ்ஸுக்கே வர்றேன்."

பஸ் திரும்பி ரோட்டில் ஏறும்வரை நின்று பார்த்தாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள். பாதித் தெரு தாண்டுவதற்குள் போன் அடித்தது. தங்கை புருஷன் ராஜ்குமார். அவன் அவளுக்கு நேராகப் போன் செய்வது அபூர்வம்.

"அண்ணி, அத்த இங்க வந்துக்கிறாங்க. எல்லாம் சொன்னாங்க." அவன் தயங்கினான். பின்னால் சின்னவன் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "நான் அவ இஷ்டம்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். ஆனா கொழந்த உங்க வூட்ல வளரும்னா எனக்கு முழு சம்மதம். சொந்தத்துலயே இருக்கும் பாருங்க. நீங்க ஒரு வார்த்த கேளுங்க அண்ணி. உங்க பேச்ச அவ தட்ட மாட்டா."

அஸ்வினி அங்கேயே நின்றுவிட்டாள்.

ஒரு வார்த்தைதான். கலை இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறாள். ஒரு போன் போட்டால் போதும். இன்னும் இரண்டு வருஷத்தில் இந்நேரம் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்று நிற்கும். தெருவில் போகிற ஆட்டுக்குட்டியைக் காட்டி ஏதோ சொல்லும். தன்னை அம்மா என்று கூப்பிடும். அஸ்வினி அந்தக் குரலைக் கேட்டேவிட்டாள். இப்படி ஒரு ஆசை இத்தனை வருஷத்தில் அவளை உலுக்கியதில்லை.

"அண்ணி? லைன்ல கீறீங்களா?"

"இருக்கேன் தம்பி." "அவ தட்ட மாட்டா. அதுக்குத்தான் நான் கேக்க மாட்டேன். நாளைக்கு நான் அவகூட போறேன். இந்தப் பேச்சு இதோட போதும்."

பிறகு ராஜ்குமார் மெதுவாக, "அப்ப நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்" என்றான்.

"எதுக்கு தம்பி?"

"வர்றேன் அண்ணி." போன் வைக்கப்பட்டுவிட்டது.

துணைக்கு வருகிறானா, தடுக்க வருகிறானா? அவள் திரும்பக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை.

வீட்டில் தவிட்டுப் பை மேஜைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. அஸ்வினி அதைத் தூக்கிக்கொண்டு பின்வீட்டு பாஞ்சாலியின் தொழுவத்துக்குப் போனாள். "இன்னாக்கா, திடீர்னு என் மாட்டு மேல பாசம்?" என்று பாஞ்சாலி கேலி செய்தாள். அஸ்வினி பையைக் கவிழ்த்தாள். மாடு மூச்சுவிடாமல் தின்றது. கடைசித் தவிடு தீர்ந்து, அது வெறும் தொட்டியை நக்கும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

திரும்பி வந்தபோது பூவரசன் அந்த அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"மூட்டைய எல்லாம் மறுபடியும் உள்ள போட்டுரலாங்க" என்றாள். "மழை வந்தா விதை வீணாப்போயிரும்."

அவன் தலையாட்டிவிட்டு முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினான். அவளும் ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகச் சுவரோரம் அடுக்கிக்கொண்டே வந்தார்கள். கடைசி வரிசைக்கு வந்தபோது அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த ஜன்னல மட்டும் மறைக்க வேணாங்க."

பூவரசன் அந்தக் கடைசி மூட்டைகளை நடையிலேயே விட்டுவிட்டான்.